ஃப்ரீசரில் இரண்டு ட்ரே

நேற்றிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரீசரின் மேல்தட்டு என்னுடையது.

கெஞ்சி வாங்கவில்லை. எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். ஐஸ் கோப்பிக்காகத் திட்டு வாங்கும் சகல உயிர்களும் கவனிக்கவும்.

செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்றாம் மாடி, கொதிக்கும் ஜூலை மாதம், ஏசி இல்லை. (இருக்கிறது. அப்பா வீட்டில் இருந்தால்தான் ஓடும்.)

கடையில் நுரையோடு விற்கிற ஐஸ் கோப்பியை நான் வீட்டிலேயே அடிப்பேன். வெறும் ஐஸ் போட்டால் இரண்டாவது உறிஞ்சலிலேயே கோப்பை கழுவிய தண்ணீர் ஆகிவிடும். அதனால் கடுங்கோப்பியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டிகளைப் பாலோடும் டின் பாலோடும் பிளெண்டரில் போடுவேன்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவும் ஐஸ் ட்ரே கட்சி. ஒரு மாதத்துக்கான புளியை ஒரேயடியாகக் கரைத்து, ட்ரேயில் உறையவைப்பார். கறிக்கு நாலு கட்டி போட்டால் வேலை முடிந்தது.

இரண்டும் ஒரே மண்ணிறம்.

போன கிழமை நான் அவசரத்தில் புளி ட்ரேயை முழுதாகக் கவிழ்த்து அடித்துவிட்டேன். உலகின் முதல் புளிச்சீனோ. பால் பிளெண்டருக்குள்ளேயே திரைந்தது. ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். (கேட்காதீர்கள்.)

அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு மாசப் புளி போச்சு. இனி உந்தப் பிளெண்டரில கை வைச்சாய் எண்டால் பார். புளிக்கும் கோப்பிக்கும் வித்தியாசம் தெரியாதே உனக்கு?"

"நிறம் ஒண்டுதானேம்மா."

"மணந்து பாக்கத் தெரியாதோ? நான் இருபது வருசமாச் சமைக்கிறன். ஒருநாள் மாறிப் போட்டிருக்கிறனே?"

இந்த வசனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்.

தடை வந்த அன்றே கோப்பி ட்ரேயை மறுபடி நிரப்பி, அம்மாவின் புது ட்ரேக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ஒளிக்கவில்லை. ஒளித்தால் அது குற்றம் ஆகிவிடும்.

நேற்று ஆற்றுக்கு அக்கரை லவாலில் இருந்து மாமி வந்தார். அப்பாவின் அக்கா. எந்த வீட்டுக் கறியிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் கை கழுவ மாட்டார். அம்மா காலையிலிருந்தே பதற்றம். மீன் குழம்பு.

மாமி ஒரு பிடி சாப்பிட்டார். நிறுத்தினார்.

"என்ன போட்டனீர் இதுக்குள்ள?"

"ஏன் மச்சாள்... வழக்கமாப் போடுறதுதான்."

"இல்லை, தூள் நல்லா வறுபட்டிருக்கு. நிறத்தைப் பாரும். புளிதான் கொஞ்சம் காணாது, பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்."

மாமி இரண்டாம் தரம் கேட்டு வாங்கியதை எங்கள் வீடு இதுவரை கண்டதில்லை.

ஆனால் எனக்கு, 'புளி காணாது' என்ற இடத்தில் காது நிமிர்ந்தது. எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தேன்.

புளி ட்ரே நிறைந்திருந்தது. என் ட்ரேயில் நாலு குழி காலி.

அந்த ட்ரேயை எடுத்துவந்து, மாமிக்குப் பின்னால் நின்று, அம்மாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்தேன். அம்மாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது.

"அம்மா, கறியின்ர ரகசியத்தை மாமிக்கு நான் சொல்லட்டா?"

அம்மா ட்ரேயைப் பார்த்தார். மாமியின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"நீ போய் உன்ர கோப்பியை அடி."

"பிளெண்டரிலயோ?"

"ஓம்."

"இனி எப்பவுமோ?"

"ஓம் எண்டுறன்."

"மேல்தட்டு?"

"எடு பிள்ளை, எடு." பல் கடிபட்ட சிரிப்பு.

மாமி நிமிர்ந்து, "பிள்ளை ஆசைப்பட்டதைச் செய்யட்டுமே, ஏன் மறிக்கிறீர்?" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். (மாமி, நீங்கள் நூறு வருடம் வாழவேண்டும்.)

அடித்தேன். ஒரு நிமிடம் கூடுதலாகவே ஓடவிட்டேன், கீழ்வீட்டுக்கும் தீர்ப்புக் கேட்கட்டும் என்று. மாமிக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தேன்.

குடித்துவிட்டு, "உது கொஞ்சம் கைக்குது," என்றார். அதே கோப்பி குழம்பில் கைக்கவில்லை.

ட்ரேயில் பெயர் எழுதி ஒட்டச் சொல்கிறார் அம்மா. ஒட்ட மாட்டேன். மணந்து பார்க்கட்டும்.

இப்போது மாமி போனில் இருக்கிறார். "அந்த நிறம் வாற தூள் எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்கிறார். அம்மா போனைப் பொத்திக்கொண்டு என்னை முறைக்கிறார்.

எந்தக் கடை என்று அம்மா சொல்லட்டும்? சீக்கிரம், மாமி லைனில்.