காமாக்ஷி புத்தகம் வாங்குகிறார்

முதல் பக்கத்தைக் காமாக்ஷி பார்ப்பதே இல்லை. "முதல் பக்கத்துல எல்லாரும் நல்லவங்கதான்" என்பார். கடையில் கம்ப்யூட்டர் புத்தக அலமாரிக்குக் கீழே கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நடுவில் எங்கேயோ இருக்கும் 'லூப்' அத்தியாயத்தைத் திறக்கிறார். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிக்கிறார். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார்.

"ட்ரம்ல தண்ணி இருக்கற வரைக்கும் மொண்டு ஊத்து. ஒவ்வொரு தடவையும் மொள்றதுக்கு முன்னாடி, இருக்கான்னு பாரு."

அப்படித் தமிழில் வந்துவிட்டால் புத்தகம் மடியில். வராவிட்டால் திரும்ப அலமாரிக்கு. "எழுதினவனுக்கே புரியல, நஞ்சு. அதான் தமிழ்ல வர மாட்டேங்குது" என்பார் என்னிடம்; நஞ்சு என் பெயர்.

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் காமாக்ஷி குடும்பம் கீழ் வீடு, நான் மேல் வீடு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் எனக்கும் ஓர் இடம் உண்டு. கடையில் நான் கவிதை அலமாரிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அங்கேயும் அவர் குரல் கேட்கும். தாண்டிப் போகிறவர்கள் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றால் முழங்காலை மட்டும் ஒதுக்கிக்கொள்வார். தண்ணீர் மொள்வது நிற்காது.

திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் மாதவின் விசாவில் வந்ததால் ஆறு வருடம் வேலைக்குப் போக வழியில்லை. இந்தக் கோடையில்தான் க்ரீன் கார்டு வந்தது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புதியவர்களை எடுக்கிறார்கள். அடுத்த மாதம் இன்டர்வியூ. போர்டில் ஜாவா ப்ரோக்ராம் எழுதிக் காட்ட வேண்டும்.

அன்று கடையில் மாதவ் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க ஆபீஸ்ல எல்லார் டேபிள்லயும் இதுதான் இருக்கு, காமு."

"பார்த்திருக்கேன். மானிட்டருக்கு அடியில."

"இதுல இல்லாததே இல்ல."

"எல்லாம் இருக்கு. எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் இல்ல."

காமாக்ஷியின் மடியில் கடைசியாகத் தங்கியது ஒரு மெலிந்த புத்தகம். மாதவ் அதைப் புரட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சின்னப் பசங்க புக் மாதிரி இருக்கு. இதை நம்பிப் போய் நிக்காதே. உனக்கு ஆறு வருஷம் கேப். இவங்க கூப்பிட்டதே பெரிசு. இதுல போச்சுன்னா வேற எவன் கூப்பிடுவான்?"

காமாக்ஷி மெலிந்ததை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

அந்த மாதம் முழுக்கக் கீழ் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து, "இப்படி இருந்தா இதைச் செய், இல்லன்னா அதைச் செய்" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. யாரையோ அதட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் அஞ்சனா ஒருநாள் படியிறங்கிய என்னை நிறுத்தி, "அம்மா இஸ் டாக்கிங் டு தி ரைஸ் குக்கர்" என்று கவலையோடு சொன்னாள்.

இன்டர்வியூ அன்று மாதவ் லீவு போட்டார். துணைக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேரும் ரேடியோவைக்கூடப் போடாமல் காத்திருந்தோம். காமாக்ஷி வந்தார். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"பாதியில கை நின்னுபோச்சு" என்றார். மாதவ் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்டர்வியூ எடுத்த அந்தம்மா, 'மனசுல ஓடறதை வாய்விட்டுச் சொல்லுங்க'ன்னாங்க. எனக்குத் தமிழ்லதான் ஓடும்னேன். 'அப்போ தமிழ்லயே சொல்லுங்க'ன்னாங்க. சொல்லச் சொல்ல எழுதிட்டேன். அப்புறம் அவங்களுக்கு இங்கிலீஷ்ல விளக்கினேன்."

"சரி, கடைசில என்ன சொன்னாங்க?"

"எப்ப வந்து சேர முடியும்னு கேட்டாங்க."

அப்போதுதான் அவர் வலது கையைப் பார்த்தேன். துடைப்பானைத் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே போர்டை அழித்திருக்கிறார் போல; உள்ளங்கை முழுக்க நீல மை. மாதவும் பார்த்தார். கைக்குட்டையில் பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்து நீட்டினார்.

காமாக்ஷி கையை இழுத்துக்கொண்டு, மை அழியாதபடி விரல்களை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.