பூஜையில் வைத்த போன்

இந்த ஊரில் வேலைக்குப் போகிற ட்ராமை ஸ்ட்ராசன்பான் என்கிறார்கள். அதில் ஒருநாள் காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். காதில் சிறு வெள்ளைக் கருவி. சுற்றி இருந்த ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. நம்மூர் பஸ்ஸாக இருந்தால் முன்சீட்டும் பின்சீட்டும் சேர்ந்து விசாரித்திருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டேன். "ஆமாம், இப்போதுதான்" என்றார். நான் எழுந்து கைகூப்பி நின்றேன். அவர் பதறிப்போய்ச் சிரித்து, போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு புத்தகத்தின் அட்டைப் படம். "ஹோர்பூஹ்" என்றார். காதால் கேட்கிற புத்தகமாம். இறந்தது கதைக்குள் யாரோ.

வெட்கத்தோடு உட்கார்ந்தேன். ஆனால் அந்த அம்மாவை எனக்கு நன்றாகப் புரிந்தது. விளாத்திகுளம் பக்கத்தில் எங்கள் அண்ணனும் அப்படித்தான் தினம் காதால் ஒரு புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தான். வாசித்தது நான்.

அண்ணனுக்கு மிளகாயும் பருத்தியுமாக நாலு ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் புத்தகம் என்று இருந்தவன். கோவில்பட்டிக்கு உரம் வாங்கப் போனால் உரமூட்டையின் மேல் இரண்டு புத்தகமாவது ஏறி வரும். அவனுக்கும் மதினிக்கும் பிள்ளைகள் இல்லை. சர்க்கரை வியாதி மெல்ல மெல்லக் கண்ணை வாங்கியபோது அவன் சோற்றுக்கோ நடைக்கோ கவலைப்படவில்லை. "ஏலே, எழுத்து எறும்பு மாதிரி கலைஞ்சு போகுதுலே" என்றுதான் என்னிடம் அழுதான்.

நான் பத்தாவது பெயிலாகி, சமையல் வேலை பழகி, இங்கே ஒரு இந்திய ஓட்டலுக்கு வந்தவன். சாமிப் பாட்டுப் புத்தகம் தவிர வேறு வாசித்துப் பழக்கமில்லை. கிளம்பும்போது பெட்டியின் எடைக்கு அஞ்சி, கடைசி நேரத்தில் அதையும் எடுத்துவிட்டு மல்லிப்பொடியை வைத்தவள் என் மனைவி. பிறகு பாட்டு, பாராயணம் எல்லாம் போனுக்குள் வந்துவிட்டன. அண்ணன் சொல்லச் சொல்ல அவன் கேட்கும் நாவல்களையும் அதிலேயே வாங்கினேன். மதியச் சமையல் முடிந்து எனக்கு மூன்று மணி என்றால், ஊரில் விளக்கு வைக்கிற நேரம். ஓட்டலின் பின்படியில் உட்கார்ந்து, மனைவியின் போனில் அவனை அழைத்து, என் போனைப் பார்த்து வாசிப்பேன்.

"மெதுவா போலே. பஸ்ஸையா பிடிக்கப் போற?"

"சரிண்ணே."

"முன்னாலேயே முடிவை வாசிச்சு வச்சிட்டு எங்கிட்ட நடிக்கக் கூடாது, பாத்துக்க."

நான் வாசித்து வைத்ததில்லை. கடைசியாக நாங்கள் வாசித்தது, சின்ன வயதில் தொலைந்த தங்கையைத் தேடி ஒருவன் ஊர் ஊராக அலையும் கதை. எழுதியவர் அச்சுக்கே போகாமல் நேராக இணையத்தில் வெளியிட்டிருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும் மீதி இருந்தபோது சரஸ்வதி பூஜை வந்தது.

பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூஜை செய்து, எடுத்து, ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது தவறியதில்லை. ஆனால் இங்கே வைப்பதற்கு ஒரு தாள் புத்தகம்கூட இல்லை. எங்கள் புத்தகமெல்லாம் போனில்தானே இருக்கின்றன என்று போனையே வைக்க முடிவு செய்தேன். முதல் நாள் அண்ணனிடம் சொன்னேன்.

"போனுக்குப் பொட்டா?" என்று சிரித்தான். "சரி, வைய்யி. அவன் தங்கச்சி கிடைச்சாளா இல்லையான்னு மட்டும் இன்னைக்கே சொல்லிரேன்."

"இல்லண்ணே. விஜயதசமிக்கு வாசிச்சா நல்லது. நாளை மறுநாள் முடிச்சிருவோம்."

"சாமியே சொன்ன பெறகு நான் என்ன சொல்ல."

காலையில் இரண்டு போன்களையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன் வைத்தோம். பொரியும் சுண்டலும் படைத்தோம். வேலைக்குக் கைவீசிப் போனேன். அன்றைக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

மறுநாள் மறுபூஜை முடித்து, கடைசி அத்தியாயத்தை வாசிக்கலாம் என்று போனைத் திறந்தேன். மதினியின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. அதற்குக் கீழே உறவினர்களின் செய்திகள். முந்தின நாள் மதியம் அண்ணனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கோவில்பட்டிக்குக் காரில் கொண்டுபோகும் வழியெல்லாம் மதினி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பொழுது சாயுமுன் அவன் போய்விட்டான். நான் செய்தி பார்த்த நேரத்தில் எல்லாம் முடிந்து, ஆட்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார்கள்.

டிக்கெட் பார்க்க ஓடும்போது மாடிப்படியில் பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பார்த்து நின்றார். போனில் இருந்த குங்குமம் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. "ரத்தமா? வெட்டிவிட்டதா?" என்றார். விளக்கிச் சொல்ல ஜெர்மன் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சரஸ்வதியின் மேல் எனக்குக் கோபமில்லை. இன்றும் கும்பிடுகிறேன். முன்பு புத்தகத்தை வைத்தால் புத்தகம் மட்டும்தான் பூஜையில் இருந்தது. இப்போது புத்தகம் இருக்கும் இடத்திலேயே அண்ணனும் இருந்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. அவன் குரலையும் சேர்த்து அணைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மதினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே சொன்னார். "கார்ல போகும்போது அவிய சொன்னாவ தம்பி. 'சும்மா சும்மா போன் போடாத, சாமி முன்னால வச்சிருப்பான், நாளைக்கு எடுப்பான்'னு. உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல அவியளுக்கு." அவன் வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கதையை மேலே வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவன் புத்தகங்களோடு அதையும் வைக்கலாமென்று கோவில்பட்டியில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடினார்.

"இது போன்ல மட்டும் வந்தது அண்ணாச்சி. ஆனா இப்ப ஒத்தப் புத்தகம்னாலும் அச்சடிச்சுத் தாராவ. ஆயிரம் அடிச்சுக் கட்டி வைக்குத காலம் போச்சுல்லா. பத்து நாளாகும். யாருக்கு?"

"அண்ணனுக்கு."

"அவியளே வந்து வாங்கிக்கிடுவாவளா?"

வீட்டு விலாசத்துக்கே அனுப்பச் சொன்னேன். புத்தகம் வருமுன் என் லீவு முடிந்துவிட்டது.

போன வாரம் மதினி அழைத்தார். "தம்பி, புத்தகம் வந்துட்டு. அவிய படத்துக்கு முன்னால வச்சிருக்கேன். மூடியே கிடந்தா எப்படி? நான் எழுத்துக் கூட்டுத வேகத்துக்கு முடியாது. நீங்க அங்கன வாசிங்க, நான் இங்கன பக்கத்தைத் திருப்புதேன்."

பின்படியில் உட்கார்ந்து வாசித்தேன். என் திரையின் பக்கமும் அவர் கையிலிருந்த பக்கமும் ஒத்துவரவில்லை. "நில்லுங்க தம்பி, விரல் இன்னும் அங்கன வரல" என்பார். நான் நிற்பேன். பிறகு தாள் புரளும். கடைசியில் அந்த மனிதன் ஒரு மில் வாசலில் தங்கையைக் கண்டுகொண்டான். மதினி போனை விட்டு விலகிச் சொல்வது கேட்டது: "கேட்டியளா? கிடைச்சிட்டாளாம்."

என் திரையில் கதை முடிந்து, இந்தப் புத்தகத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டது.

"தம்பி, இங்கன இன்னும் ஒரு தாளு இருக்கு."

"என்ன போட்டிருக்கு மதினி?"

"ஒண்ணும் போடல. வெள்ளையா இருக்கு. திருப்பட்டா?"

"திருப்புங்க" என்றேன். அந்தச் சத்தத்துக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். உள்ளே யாரோ ஜெர்மனில் என்னை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.