மருதாணி முடி

திண்டுக்கல் நூற்பாலையில் பஞ்சிலிருந்து குப்பை பொறுக்கும் பெண்களுக்கு மேஸ்திரி சிவனம்மாள். தன் கண்ணுக்குத் தப்பி ஒரு தூசி போகாது என்று அவளுக்கு மிதப்பு. நூலில் முடி இருக்கிறதென்று வெளிநாட்டுக்குப் போன சரக்கு திரும்பி வந்தபோது, "தொப்பிய ஒழுங்காப் போட மாட்டியாடி?" என்று பானுப்ரியாவை எல்லார் முன்னாலும் அழவைத்தாள். சிவனம்மாள் மட்டும், கொண்டையில் வைத்த மல்லிகை நசுங்கும் என்று தொப்பியே போட்டதில்லை.

2005-இல் ஆலைக்குக் கேமரா மெஷின் வந்தது. "இனிமே கேமரா பாத்த நூலுக்குத்தான் மார்க்கெட்டு," என்றார் மேனேஜர். ஓடும் பஞ்சில் வேற்று நிறம் கண்டால் அது காற்றடித்து வெளியே தள்ளிவிடும். முதல் நாள் சாயங்காலம் கழிவுப்பெட்டியைத் திறந்தார்கள். சாக்கு நாருக்கு நடுவே நீள நீளமாய் முடி. அத்தனையும் மருதாணிச் சிவப்பு. அங்கே தலைக்கு மருதாணி பூசுகிறவள் ஒருத்திதான். பானுப்ரியா தலை குனிந்துகொண்டாள். அதில்தான் சிவனம்மாள் கூனிக் குறுகிப்போனாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பழனிக்குப் போய் மொட்டை அடித்து வந்தாள்.

"வேண்டுதலாக்கா?" என்று கேட்டாள் பானுப்ரியா.

"ஆமாடி," என்ற சிவனம்மாள், முடியே இல்லாத தலையில் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.