கதிருக்கும் கத்திக்கும் நடுவே ஐந்து வாரம்

மருத்துவத் தொழிலில் நோய் முற்றிய நாளைவிட, நோயாளி தனக்குக் குணமாகிவிட்டதென்று தானே தீர்ப்பளிக்கும் நாள்தான் ஆபத்தானது. இத்தொழிலில் என்னோடு வெந்துகொண்டிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மறுபடியும்

கண்டாவளையில் வயல் செய்யும் கமக்காரர் கந்தையாவின் மலக்குடற் புற்றைக் கொழும்பில் வெட்டி இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. மீண்டும் இரத்தம் போனபோது, மூலம் என்று தானே முடிவுசெய்து, நான்கு மாதம் கருணைக்கிழங்கு தின்றுவிட்டு வன்னியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழைய தழும்பருகே என் விரலில் கட்டி தட்டுப்பட்டது. முதலில் கதிர்ச் சிகிச்சையால் கட்டியைச் சுருக்கி, ஐந்து வாரம் பொறுத்து வெட்டவேண்டும். ஒன்று மட்டும் போதாது என்றேன்.

"முதலே வடிவாய் வெட்டியிருந்தால் இப்ப ஏன் டொக்டரம்மா கரண்ட் பிடிப்பான்?" என்றார் கந்தையா. கதிர்ச் சிகிச்சைக்கு அவர் வைத்த பெயர் கரண்ட்.

ஊதாக் கோடுகள்

கதிர் பாயவேண்டிய இடத்தைக் காட்ட, கொழும்பில் அவர் இடுப்பின் பின்புறம் ஊதா மையால் கோடு கீறியிருந்தார்கள். நனைக்கக்கூடாது என்பது கட்டளை. சிகிச்சை பாதியில் இருக்க, கோயிற் பொங்கலுக்கென்று மனுஷன் இரண்டு நாள் லீவில் ரயிலேறி வந்தார். மனைவி செல்லம், சவர்க்காரமும் தேங்காய்ப் பொச்சுமாகத் தேய்த்து, ஒரு கோடு மிச்சமின்றிக் கழுவிவிட்டாள். அதை அறிந்து நான் கத்தினேன். அவளும் கத்தினாள்.

"ஆரோ சூனியம் கீறி விட்டிருக்கினம் எண்டெல்லோ நினைச்சன்! அந்தக் கோலத்தோடை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகேலுமே?"

துருசு திறந்த கிழமை

மீண்டும் கோடு கீறிக் கதிர்ச் சிகிச்சையை முடித்தார்கள். இரத்தம் நின்றது, பசித்தது. ஐந்து வாரம் கழித்துச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாளில் கட்டில் வெறுமையாகக் கிடந்ததென்று கொழும்பிலிருந்து தந்தி வந்தது. ஜீப்பில் கண்டாவளைக்கு ஓடினேன். வயல்களுக்குத் தண்ணீர் விடக் குளத்து மதகை, அதாவது துருசை, திறந்த கிழமை அது. கந்தையா மண்வெட்டியோடு தன் முறைத் தண்ணீருக்கு வாய்க்காலில் நின்றார்.

"நோவுமில்லை, ரத்தமுமில்லை. பிறகென்னத்துக்கு வெட்டு?" என்றார்.

"சுருங்கின கட்டி செத்த கட்டியில்லை. இன்னும் ஒரு மாதம் விட்டால், வெட்டவும் ஏலாது," என்றேன். அவர் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருத்தத் தொடங்கினார். செல்லம் சேற்றில் இறங்கி மண்வெட்டியைப் பறித்தாள்.

"தண்ணியை நான் மறிச்சுக் கட்டுறன். நீங்கள் போய் அந்தக் கட்டியை வெட்டுவிச்சுக்கொண்டு வாங்கோ!"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

கட்டியை முழுமையாக எடுத்துவிட்டதாகக் கொழும்புக் கடிதம் சொன்னது. மலம் போக வயிற்றில் ஒரு வழியும் அதற்கொரு பையுமாகத் திரும்பியவர், வரம்பு கட்டுகிறார், பையைத் திட்டுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவார். அதற்கு முந்திய கிழமை முழுதும் அந்தக் கொழும்புக் கடிதத்தை எடுத்து எடுத்து வாசிப்பேன். போன முறை நான் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தபோது அவர் சொன்னார்:

"ஏன் டொக்டரம்மா நீங்கள் மூச்சை அடக்கிறியள்? நோகிறது எனக்கெல்லோ!"

கதிரையும் கத்தியையும் இணைக்கக் கொழும்பு கற்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு கமக்காரனை ஐந்து வாரம் சும்மா இருக்கவைக்கும் வைத்தியம்தான் வன்னியில் எனக்கு இன்னும் கைவரவில்லை.