பீடத் துணிக்குக் கொடுத்த கார்பன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தடுமாறினேன். நோட்டு வாங்கி வைப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். பயம் காரணமில்லை. நான் சொல்லப்போகிற அக்காவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். தாயைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அந்தப் பிள்ளைகளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? சின்னவளுக்கும் போன தை மாதம் பூந்தமல்லியில் கல்யாணம் முடிந்தது என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஆனாலும் அன்றைக்குக் கோயிலுக்குப் போய் அந்தப் பெண்ணுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் எழுத மனசு வந்தது. யார் பெயரையும் எழுத மாட்டேன். நான் பத்தாவது படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் திருமுல்லைவாயிலில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. எதிர்ப் போர்ஷனில் அந்த அக்கா. புருஷன் இறந்துபோய், இரண்டு பெண் குழந்தைகளோடும் ஒரு தம்பியோடும் இருந்தார். தம்பி என்ன வேலை பார்த்தான் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போவான், வருவான்.

அக்காவைப் போல ஜெபமாலை சொல்ல எங்கள் பங்குக் கோயிலில் ஆள் கிடையாது. தையலும் அப்படித்தான். கோயில் பீடத்துக்கு விரிக்கிற துணியில் பூ வேலை செய்து கொடுப்பது அவர்தான். என் மகளுக்கு ஞானத்தாயும் அவரே. ஞானஸ்நானத் தொட்டி அருகே குழந்தை வீறிட்டு அழுதபோது, அது அவர் கைக்குப் போனதும் அடங்கியது. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, நான் வேலைக்குப் போக வேண்டுமே என்று தன் தையலை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர். கூடப் பிறந்தவள் எனக்கு இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் அம்பத்தூரில் டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி விற்கிற ஒரு பெரிய கடையில் பில் கவுண்டரில் இருந்தேன். கிரெடிட் கார்டு என்பதை அப்போது எல்லோரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். எஸ்டேட் கம்பெனி மேனேஜர்கள், ஆவடிப் பக்கத்துப் பெரிய உத்தியோகக்காரர்கள் கொண்டுவருவார்கள். இப்போது மாதிரி கார்டைச் செருகி நம்பர் அழுத்துகிற வேலை கிடையாது. ஓர் இரும்புத் தட்டு இருக்கும். அதில் கார்டைப் படுக்கவைத்து, மேலே ஒரு சீட்டை வைத்து, கைப்பிடியை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு அழுத்தி இழுக்க வேண்டும். கார்டில் மேடாக இருக்கிற நம்பரும் பெயரும் சீட்டில் பதியும். சீட்டு மூன்று தாள். ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று பேங்குக்கு. நடுவில் இருக்கிற கார்பன் குப்பைக்கூடைக்கு. அந்தக் கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் நம்பர், பெயர், தேதி எல்லாம் பளிச்சென்று தெரியும். அதைக் கிழித்துத்தான் போட வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

கோயில் திருவிழா நெருங்கிய சமயம். ஒரு காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்க கடையில அந்தக் கார்பன் பேப்பரல்லாம் இன்னா பண்றீங்க?"

"குப்பையில போடுவோம்க்கா."

"அடிப் பாவி. அது இன்னா வெல விக்கிது தெரியுமா? பீடத்துணிக்குப் பூ வரையணும், கொடி வரையணும். தூக்கிப் போடறத எனக்கு எத்துனு வாயேன். புண்ணியமாப் போவும்."

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார். "பாத்து, உங்க பூவுக்கு நடுவுல எவனாவது மேனேஜர் பேரு வந்துடப் போவுது."

"வரட்டுமே அண்ணாத்தே. சாமியாரு அவருக்கும் சேத்து ஒரு பூசை வெச்சிட்டுப் போறாரு."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ முறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அக்கா எங்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே சிரித்து முடித்துவிட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அன்றிலிருந்து கார்பன்களை எடுத்துவந்தேன். ஒளித்து ஒன்றும் எடுக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்களிடம், "கோயில் துணிக்கு வேணும், எடுத்து வைங்க" என்று சொல்லி வாங்கினேன். டிபன் பைக்குள் ஜெபமாலைப் பைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருவேன். அக்கா ஒவ்வொன்றாக நீவிவிட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார்.

"இன்னாக்கா பாக்கறீங்க?"

"கியிஞ்சிருக்கான்னு பாக்கறேன். கசக்காம எத்துனு வா புள்ள. கசங்குனா கோடு வளைஞ்சிக்கும்."

திருவிழாவன்று அந்தத் துணி பீடத்தில் இருந்தது. திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும். பூசையில் மண்டியிட்டிருந்தபோது, இந்த அழகில் என் பங்கும் துளி இருக்கிறது ஆண்டவரே என்று மனசுக்குள் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு இன்னொரு துணி என்று அக்கா சொன்னதும் சந்தோஷமாகத் தொடர்ந்து கொண்டுவந்தேன்.

பிறகு ஒருநாள் பேங்கிலிருந்து ஆள் வந்தார். முதலாளி எங்களை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். கார்டுக்காரர்களின் கார்டு அவரவர் பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் பெயரில் யாரோ அதே நம்பர் போட்ட கள்ளக் கார்டு செய்து, டவுன் கடைகளில் நகையும் சாமானும் வாங்கியிருக்கிறார்கள். மாதக் கணக்கு தபாலில் வந்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. எல்லோரும் பொதுவாகப் போன கடை எது என்று பேங்கில் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கடை.

"கார்பனையெல்லாம் யார் எடுத்தா?" என்று பேங்க்காரர் கேட்டார்.

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மறைக்கவில்லை. "கோயிலுக்குக் கொடுத்தேன் சார்" என்றேன்.

அவர் சிரித்தே விட்டார். முதலாளி சிரிக்கவில்லை. அவர் தென்மாவட்டத்துக்காரர், கோபம் வந்தால் குரல் தணியும். "அந்தம்மாவ நாளைக்குக் கூட்டிட்டு வா. ஆமா, நான்தான் கேட்டு வாங்கினேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லேன்னா நீ சொன்னது பொய்யின்னு ஆயிரும், பாத்துக்க."

வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருடி என்று பெயர் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அந்த ஒரு வார்த்தையில்தான் என் பெயர் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் என் அக்கா என்பதால் நான் கலங்கவில்லை.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார். "எம்பேரச் சொன்னியா?"

"கோயில்ல துணி தைக்கிற அக்கான்னு சொன்னேன்."

கையிலிருந்த மீனைக் கழுவி முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். "சாமி காரியத்துக்குக் குடுத்த. இதுல இன்னா பயம்? நாளிக்கி நான் வரேன்."

வந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடை மாடியில் முதலாளியும் பேங்க்காரரும் இருந்தார்கள். முதலாளி கேட்டார். அக்கா முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது.

"கார்பனா? எனக்கு இன்னாத்துக்கு சார் கார்பன்? நான் பென்சில்லதான் வரைவேன். வெள்ளத் துணியில யாராவது கறுப்புக் கார்பன் வெப்பாங்களா? கறையாவாது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் அப்படி இளகியிருந்தது. "இன்னா தங்கச்சி, என்னைய ஏன் இதுல இஸ்த்து வுடற? எதுனா கஷ்டம்னா எங்கிட்ட கேட்டுக்கலாமில்ல?"

 அங்கேயே நான் பேசியிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிறகு பலமுறை சொன்னார். கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவர் எதிரே நின்று அப்படிச் சொல்லும்போது, ஒரு நொடி, நான்தான் எதையோ மாற்றி நினைத்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார். போலீஸுக்குச் சொல்லவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

வீட்டில் வந்து, "பயந்துட்டாங்க பாவம், ஆம்பள இல்லாத வீடு" என்றேன்.

"பயந்தவ வாசல மூடிக்கினு உள்ள இருந்திருப்பா. பஸ்ஸேறி வர மாட்டா" என்றார் என் வீட்டுக்காரர். அவரோடு சண்டை போட்டேன். அந்த நிலையிலும் அக்காவுக்காகப் பேசினேன்.

கோயில் துணிகளைத் துவைத்துத் தருவது எங்கள் பங்கில் வீட்டுக்கு ஒரு முறை. அந்த வாரம் என் முறை. என்னைப் பற்றிப் பேச்சு ஏற்கெனவே கிளம்பியிருந்தது. சாமியார் ஒன்றும் கேட்காமல் மூட்டையை என் கையில் கொடுத்தார். திராட்சைக் கொடித் துணி அதில்தான் இருந்தது. நனைக்கிறதற்கு முன்னால் திருப்பிப் பார்த்தேன். தையலுக்கு அடியில், நூல் மறைக்காத இடங்களில், மெல்லிய பென்சில் கோடு. கதிருக்குக் கதிர், இலைக்கு இலை. கார்பனின் கறுப்பு ஓர் இடத்திலும் இல்லை.

கடையில் அக்கா சொன்னதில் அது மட்டும் நிஜம். கேட்டு வாங்கிய முதல் நாளிலிருந்தே ஒரு கார்பன்கூட பீடத்துக்குப் போகவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தது கிழிசலை இல்லை. கசக்காதே என்றது கோட்டுக்காக இல்லை. சாமி பெயரைச் சொன்னால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன் என்பது என்னை வளர்த்தவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குழாயடியில் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேலை போனபோது வராத அழுகை அப்போது வந்தது. பிறகு துவைத்தேன். கஞ்சி போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆண்டவர் பீடத்துத் துணி என்ன செய்யும்?

கொஞ்ச காலத்துக்குள் அந்தத் தம்பி பிடிபட்டான். டவுனில் ஒரு நகைக்கடையில் சங்கிலி வாங்கப் போயிருக்கிறான். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்து பேங்குக்குப் போன் போட, மாட்டிக்கொண்டான். போலீஸ் எங்கள் காம்பவுண்டுக்கு வந்தது. அக்கா வீட்டில் நான் கொடுத்த கார்பன்கள் ஒரு பிஸ்கட் டின்னில், கசங்காமல் இருந்தன. அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளானூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் வாசலைப் பார்க்கவில்லை. முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். "தப்பா நெனச்சுட்டேம்மா, வேலைக்கு வா" என்றார். அந்த மாடிப் படியில் திரும்ப ஏற என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். பருத்திப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனேன்.

முதலாளி திருத்திக்கொண்டார். ஊர் திருத்திக்கொள்ளவில்லை. கார்பன் கொடுத்தாள் என்பது கார்டு எடுத்தாள் என்று ஆனது. அது ஃப்ரிட்ஜ் எடுத்தாள் என்று ஆனது. போலீஸ் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான் என்றார்கள். காம்பவுண்டு ஒன்றுதானே, வாசல் எது என்று யார் பார்த்தார்கள்?

வருடங்கள் கழித்து ஒரு திருவிழாப் பூசையில் அக்கா என் வரிசைக்கு முன்னால் நின்றார். தலை நரைத்திருந்தது. பூசைக்கு நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் கை பாதியில் நின்று, பிறகு கூப்பியது. நானும் கூப்பினேன். அவர் ஏதாவது சொல்வார் என்று பூசை முடிகிறவரை காத்திருந்தேன். நன்மை அப்பம் வாங்கப் போனவர் அப்படியே பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். அவரை மன்னித்தாயா என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டபோது, ஒவ்வொரு நாளும் மன்னிக்கிறேன் சாமி, மறுநாள் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கிறது என்றேன்.

போன வருடம் எங்கள் பங்குக் குடும்பங்களின் அன்பிய வாட்ஸப் குரூப்பில் யாரோ ஓடிபி மோசடியைப் பற்றிப் போட்டார்கள். அதன் கீழே ஒரு வயதான அம்மா, நம்ம பங்கிலேயே அந்தக் காலத்தில் ஒருத்தி கடையில் கார்டு திருடி ஜெயிலுக்குப் போனாள் என்று எழுதியிருந்தார். என் மகள் அந்த குரூப்பில் இருக்கிறாள். போனைக் கொண்டுவந்து காட்டி, "யாரும்மா அது?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தன் ஞானத்தாய் ஏன் தன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று இன்றுவரை என்னைக் குறை சொல்கிறவள். முதலில் அவளிடம் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இதை இத்தனை பேருக்குக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் கெடுதல் வரும் என்று சில ஜெபத் தாள்கள் வரும். இது அப்படி இல்லை. கொடுக்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆனால் யாரிடமாவது சொன்னால், இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் கொடுத்தது கார்பன், கார்டு இல்லை. போலீஸ் வந்தது எதிர்வாசலுக்கு. எனக்காகப் பரிதாபப்பட்டு எதையும் சேர்க்க வேண்டாம். அக்காவை இதைவிடக் கெட்டவராகவும் ஆக்க வேண்டாம். காமாலையில் கிடந்த என் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான், தொட்டி அருகே அவளைப் பிடித்திருந்ததும் அவர் கைதான். அந்த வரியையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.