நல்லா இருக்கேன் என்று சொல்கிறவன்

என் தம்பிக்கு ஜிப்பு என்று பெயர் வைத்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். இவன் வாய் ஓயாது. "வாய்க்கு ஒரு ஜிப்பு போடுடா" என்று அவர் கத்திக் கத்தி அதுவே நிலைத்துவிட்டது. பெயர் வைத்த நேரமோ என்னவோ, பிழைப்பும் அதிலேயே அமைந்தது. மாடிப்படிக்குக் கீழே எங்கள் பை ரிப்பேர் கடை. முன்னால் கல்லாவில் நான், உள்ளே தையல் மெஷினில் அவன். ரன்னர் ஓடாத பையைக் கொடுத்தால் ஜிப்புப் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, குறட்டால் ஓர் அழுத்து அழுத்தி, "ஏம்மா, உள்ள என்னத்த அடைச்சீங்க, மாமியாரையா?" என்பான். கடையே சிரிக்கும்.

அந்த வாய் போன வருஷம் மூடிக்கொண்டது. சாவு விழவில்லை, காதல் தோல்வி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. ஊசியில் நூலைக் கோத்துவிட்டு மெஷினை மிதிக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பான். "உனக்கு என்னடா குறைச்சல்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன குறைச்சல் என்று தெரிந்தால் அவன் ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறான்? டாக்டரிடம் போகலாம் என்றால், "நல்லாத்தானே இருக்கேன்" என்பான். அவனை உயிரோடு வைத்துக்கொள்ள முடியுமா என்ற பயத்தில் ராத்திரியில் எழுந்து எழுந்து அவனைப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் லேப்டாப் பையோடு ஒரு பெண் வந்தாள். மனநோய் ஆராய்ச்சியில் வேலையாம். நான் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர் வைத்துவிட்டேன். தம்பி நிலைமையை அவளிடம் சொன்னேன்.

"போன்லயே கேள்விக்குப் பதில் போட்டா போதும்க்கா. மனசு எவ்வளவு சோர்ந்திருக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் வீடியோவிலேயே கவுன்சலிங். அது எவ்வளவு பலன் தருதுன்னுதான் நாங்க பார்க்கிறோம்" என்றாள்.

தம்பியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, உண்மையான பதில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட வைத்தேன். நிலைமை மோசம் என்று வந்தது. அப்பாடா, இனி யாராவது பேசுவார்கள் என்று நினைத்தால், அவனுக்குக் கிடைத்தது காத்திருப்போர் குழு. மூன்று மாதம் கழித்துத்தான் கவுன்சலிங்.

ஆராய்ச்சியைப் போனில் பிடித்துக் கிழித்தேன். "ஏம்மா, வீடு பத்தி எரியுது. தண்ணி ஊத்தாம விட்டா தானா அணையுதான்னு பார்க்கப் போறீங்களா?"

"யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு கம்ப்யூட்டர் சீட்டு குலுக்குதுக்கா. என் கையில இல்ல. ஆனா மோசமாச்சுன்னா உடனே டாக்டர்கிட்ட அனுப்பிடுவோம். வாராவாரம் கேள்வி வரும், அதுல உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க."

உள்ளதைச் சொல்வதா! எங்கள் ஆட்களுக்கு அது வருமா? காய்ச்சலில் படுத்திருப்பவனைப் போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், "நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" என்றுதான் சொல்வான். என் தம்பி அந்தக் கேள்விகளுக்கும் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதைப்போலவே பதில் போட்டிருக்கிறான். தனியாக உட்கார்ந்து போட்டதால் எனக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு வாரம் நிலைமை தேறிவருவதாகப் போன் காட்டியது. நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலையில் அவன் கடையைக் கூட்டினான். மெஷினுக்கு எண்ணெய் விட்டான். தேங்கிக்கிடந்த பைகளை எல்லாம் மளமளவென்று முடித்து வரிசையாக மாட்டினான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதியம் தலையை வாரிக்கொண்டு, செருப்பை மாட்டி, "போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் ஆராய்ச்சியின் போன். "அக்கா, அண்ணன் இந்த வாரம் எல்லாத்துக்கும் 'இல்லவே இல்லை'ன்னு போட்டிருக்கார். அவர் நிஜமாவே எப்படி இருக்கார்?"

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்! நல்லாயிட்டான்மா. பாக்கி வேலை ஒண்ணு விடாம முடிச்சுட்டான்."

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு விடாமயா? இப்ப எங்க இருக்கார்?"

"இப்பதான் வெளிய கிளம்பினான். போறேன்க்கான்னு..."

என் வாயில் வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று சொன்னதில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் 'வரேன்' என்றுதான் சொல்வோம்.

"அக்கா, போனை வைக்காதீங்க. ஓடுங்க!"

கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். டீக்கடைக்காரர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கையைக் காட்டினார். கடவுளே, கடவுளே என்று கத்திக்கொண்டே ஓடினேன். பஸ் ஸ்டாண்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் பை இல்லை, போன் இல்லை. பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தேன். ஓங்கி அறைந்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

"எல்லா வேலையும் முடிச்சிட்டேனேக்கா" என்றான், நான் ஏன் அறைந்தேன் என்று புரியாதவனாக.

போனை அவன் காதில் வைத்து அழுத்தினேன். "அண்ணா, எப்படி இருக்கீங்க?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"நல்லா இரு..." என்று ஆரம்பித்தான். பழக்கம். வாய் அதற்கு மேல் போகவில்லை. உதடு கோணியது. "நல்லா இல்லம்மா" என்றான். "கொஞ்சம்கூட நல்லா இல்ல."

டாக்டர் லைனில் வரும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் காலரை விடவில்லை.

இப்போது மாத்திரையும் உண்டு, ஆஸ்பத்திரியும் உண்டு, வாரம் தவறாமல் வீடியோவில் கவுன்சலிங்கும் உண்டு. முழுசாகத் தேறிவிட்டான் என்று நான் பொய் சொல்லமாட்டேன். இன்னமும் சில நாள் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறான். எதிரே டீ குடிக்க எழுந்தாலும் நான் வாசலில் போய் நின்றுகொள்கிறேன். "சொல்லுடா" என்கிறேன். அவன் செருப்பை மாட்டுகிறான், தெருவைப் பார்க்கிறான். அவன் 'வரேன்க்கா' என்று சொல்லும்வரை நான் வழி விடுவதில்லை.