பனியன் போட்ட சுவர்

எங்கள் வீட்டுச் சுவருக்கு மாமா பனியன் போட்டுவிட்ட கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. திருப்பூர்க்காரர்கள் நம்புவார்கள். கரித்துணியிலிருந்து கட்டில் மெத்தை வரைக்கும் இங்கே எல்லாம் பனியன் துணிதான். சுவர் மட்டும் என்ன பாவம் செய்தது?

மாமா அம்மாவின் தம்பி. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அக்கா குடியிருக்கும் வாடகை வீட்டில் சுவர் காரை பெயர்ந்து திட்டுத்திட்டாக நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டை பனியன் சந்தையிலிருந்து ஒரு ரோல் துணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். வெளிநாட்டுக் குழந்தைகள் போட்டுக்கொண்டு தூங்குவதற்காக அச்சடித்து, ஏதோ குறையென்று கழித்துவிட்ட துணி. நீலத்தில் மஞ்சள் யானைகள், ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி வரிசையாகப் போயின. கூடவே செருப்புக்கும் ரெக்சினுக்கும் ஒட்டுகிற பசை இரண்டு டின்.

துணி வெட்டுகிறவருக்குக் கோடு கோணினால் சோறு இறங்காது. ஒரு யானையின் தும்பிக்கை அடுத்த யானையின் வாலில் சரியாக வந்து சேரும்படி இழுத்து இழுத்து ஒட்டினார். மேலே காற்றுக்காக விட்டிருந்த சதுர ஓட்டை குறுக்கே வந்தது. அங்கே வெட்டினால் ஒரு யானை பாதியாகிவிடும். மாமாவுக்கு மனசு வரவில்லை. ஓட்டைக்கு மேலேயே ஒட்டிவிட்டார்.

"எப்படி இருக்குதுங்க மச்சான்?" என்று கேட்டார். அப்பா எரிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஜோரா இருக்குது மாப்ள" என்றார். எனக்கோ தலைகால் புரியவில்லை. பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு யானைக்கும் பெயர் வைத்தேன்.

பசையின் நெடி போகிற வழியாக இல்லை. அடுத்து வந்த மழையில் துணிக்குப் பின்னால் ஈரம் ஏறி, பூஞ்சை வாடையும் சேர்ந்துகொண்டது. அம்மா இரும ஆரம்பித்தாள். பிறகு மூச்சு விடும்போதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்டது. சோறு வடிப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுவாள். அப்பா வாங்கி வந்த மருந்து எதற்கும் அது அடங்கவில்லை. அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று யாரிடமும் கேட்காமல் நான் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் சேவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினோம். அங்கே அம்மா பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினாள். ஒரு தடவைகூட இருமவில்லை. திரும்பி வந்து பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் பழையபடி பிடித்துக்கொண்டது. அப்பா சுவரைப் பார்த்தார்.

"இந்தத் துணியும் பசையுந்தான். உந்தம்பிகிட்டச் சொல்லிப்போடலாம்."

"என்னன்னு சொல்றதுங்க? ஆசையா ஒட்டுனது. அக்காளுக்கு நம்மளே நோவக் கொண்டாந்துட்டமேன்னு ஒடஞ்சு போயிருவானுங்க."

எனக்கு அதில் விளங்கியது ஒன்றுதான்: யானைகளுக்கு ஆபத்து.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவாறு இருமலை அடக்கி, "பாப்பா இந்த யானையப் பாத்துப் பயப்படறா சாமி. தூங்கவே மாட்டீங்கறா" என்றாள்.

நானா? பயமா? இல்லை என்று கத்துவதற்குள் அம்மா என் தோளை அழுத்தினாள். அநியாயம் தாங்காமல் ஓவென்று அழுதேன். அந்த அழுகையே அம்மாவுக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

அம்மா வாயில் பொத்தியிருந்த முந்தானையை மாமா பார்த்தார். "அழுகாத கண்ணு, அத்தனையும் இப்பவே தொரத்தி உட்டர்றேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேலே ஓட்டையை மூடியிருந்த துணியைக் கிழித்தார். ஒரு கட்டு வெயில் உள்ளே விழுந்தது. அதன் பிறகுதான் கீழே இறங்கி மற்றதையெல்லாம் உரித்தார். "நல்ல பெயிண்டா அடிச்சுக் குடுத்தர்றேனுங்க மச்சான்" என்றதும் அப்பா பதறிவிட்டார்.

"சுண்ணாம்பே போதும் மாப்ள. கலரு வேண்டிய மட்டும் பாத்தாச்சு."

பசையைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்தார். கதவு சன்னல் எல்லாம் திறந்தே கிடந்தன. வாரம் திரும்புவதற்குள் அம்மா உட்காராமல் சோறு வடித்தாள். அவள் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். விசில் இல்லை. அப்பாடா என்று இருந்தது. யானைகள் போன துக்கம்கூட அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் பெயர் போனது போனதுதான். சொந்தத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் நான் யானைக்குப் பயந்தவள் என்று மாமா சொல்லிவைத்தார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "அம்மிணிக்கு யானைன்னா ஆகாதுங்க, பாத்துக்கோங்க" என்றார். அம்மா பந்தலை அண்ணாந்து பார்த்தாள். அம்மா சொன்னதை மாமா கடைசிவரை நம்பினார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பயந்தவள் படுக்கிற பாயோரத்தில் அத்தனை யானைகள் நிற்க, அவற்றை விட்டுவிட்டு மாமா ஏன் முதலில் ஸ்டூல் போட்டு அந்த ஓட்டையைத் திறந்தார் என்பது அழுதுகொண்டிருந்த எனக்கு உறைக்கவே இல்லை.